கோணாமலை அறுபத்துநான்கு பேரிடம் போய்ச் சொன்னது

கோணாமலைக்கு எழுத வாசிக்கத் தெரியாது. எங்கள் பற்றின் கிராமக்கோட்டில், அதாவது கிராம நீதிமன்றத்தில், நான் இலிகிதராக இருந்த இருபத்தாறு வருஷங்களில் அவர் ஒரே ஒரு நாள்தான் சாட்சி சொன்னார். 1933 ஒக்டோபர் 16, திங்கட்கிழமை. வாக்குமூலம் பதினொரு வரி. கீழே இடது பெருவிரல் அடையாளம். கொலை வழக்குகளின் பிரதிகளைக்கூட நான் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தப் பதினொரு வரியைப் போல வேறெதுவும் என்னை வாயடைக்கச் செய்யவில்லை.

அவர் பிறந்த திகதி எந்தப் பதிவிலும் இல்லை. 1907 புயல் அடித்தபோது தனக்குப் பத்தொன்பது வயது என்று அவர் சொன்னதை வைத்து 1888 என்று கணக்கிட்டுக்கொள்கிறேன். இறந்தது 1947 மாசி மாதம். வாவியின் மேற்குக்கரையான படுவான்கரையில், மகிழடித்தீவில், மனைவி கண்ணகையின் வீட்டு வளவில் இருந்தார். 1914 முதல் நல்லரத்தினம் போடியாரின் எருமைப்பட்டியைப் பார்த்தவர் அவர்.

போடியார் என்றால் பெருங்காணிக்காரர்; இவர் தேற்றாத்தீவுக்காரர். அவருக்கு முந்நூறுக்குக் குறையாத எருமைகள். அவரது வீடு வாவிக்குக் கிழக்கே, பட்டி மேற்கே. வருஷத்தில் இரண்டு தடவைதான் தோணியேறி அக்கரைக்குப் போவார். மற்ற நாட்களிலெல்லாம் அங்கே போடியார் என்றால் அது கோணாமலையின் வாய்தான்.

விதைப்புக் காலத்தில் வயலை மிதித்துச் சேறாக்க எருமை வேண்டும். எருமை இல்லாதவர்கள் பட்டிக்காரனிடம் வந்து பேசுவார்கள். மிதிப்புக்கு ஈடாக அறுவடையில் நெல். இந்தப் பேச்சுக்குக் கடுதாசி கிடையாது. பட்டியின் குறி சுடும் இரும்பைப் பட்டிக்காரன் கொண்டுவந்து, நெருப்புக் காட்டாமல், வயல் வரம்பின் ஈரமண்ணில் அழுத்துவான். ஒரு குத்துக்குப் பத்து எருமை. இரண்டு குத்தானால் இருபது. மண்ணில் குறி விழுந்தால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. போடியாரின் குறி ஒரு வில்லும் அதன்கீழ் ஒரு புள்ளியும். நான் அளந்து பார்த்திருக்கிறேன்: நீளம் ஐந்தங்குலம், அகலம் மூன்றரை.

பத்தொன்பது வருஷம் அந்த இரும்பு கோணாமலையின் கையில் இருந்தது. அது விழுந்த எந்த வரம்பிலும் எருமை போகாமல் இருந்ததில்லை.

1932 விதைப்பில் மிதிப்பு மிதமிஞ்சிப் போய்ப் பன்னிரண்டு எருமைகள் கால் வீங்கிக் கிடந்தன. நான்கு செத்தன. அதனால் அடுத்த வருஷம் ஆவணியில் பட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது போடியார் கோணாமலையிடம் ஒரு கட்டளை சொன்னார்: இந்த வருஷம் ஒருவருக்கும் இருபதுக்கு மேல் பேசக்கூடாது. அதைச் சொன்ன இடம் வாவியின் நடு; வாவியை எங்கள் ஆட்கள் ஆறு என்பார்கள். தோணியில் இருந்தவர்கள் இரண்டு பேர்தான், போடியாரும் துடுப்பு வலித்த கோணாமலையும்.

செப்டெம்பர் 30ஆம் திகதி, சனிக்கிழமை, காத்தான்குடிக் கச்சி முகம்மது கோணாமலையிடம் வந்தார். அவர் துணி வியாபாரி. படுவான்கரையில் வாவியோரமாகப் பதினெட்டு ஏக்கர் வயலும் இருந்தது. தாழ்ந்த நிலம். மழை விழுந்தால் வாவித் தண்ணீர் பெருகி வயலுக்குள் ஏறும். பிறகு தை வரை அங்கே ஒன்றும் செய்ய முடியாது. இருபது எருமையை விட்டால் பத்து நாள் பிடிக்கும். வானத்தைப் பார்த்தால் பத்து நாள் பொறுக்காது என்று தெரிந்தது. அந்த வருஷம் அவருக்கு இன்னொரு நெருக்கடியும் இருந்தது. மகள் கைறுன்னிஸாவின் கலியாணத்துக்கு அந்த வயலைத்தான் எழுதிக் கொடுப்பதாகப் பேசியிருந்தார். விளையாமல் கிடக்கும் நிலத்தைக் காட்டிப் பெண் கொடுக்க முடியாது.

கோணாமலை வயலைச் சுற்றி நடந்து பார்த்தார். பிறகு வரம்பில் நான்கு குத்துக் குத்தினார்.

நாற்பது எருமை, ஐந்து நாள். போடியாரிடம் போய், நிலம் இப்படி, அதனால் இப்படிச் செய்தேன் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தார். போகவிருந்த நாளில் காய்ச்சல் பிடித்தது. ஒன்பது நாள் பாயோடு கிடந்தார். அதற்குள் செய்தி வேறு வாயால் தேற்றாத்தீவுக்குப் போய்விட்டது. பதினோராம் திகதி போடியாரின் ஆள் வந்து, நாற்பது கிடையாது, இருபதும் கிடையாது, சொன்னதை மீறிச் செய்த பேச்சு எனக்குப் பேச்சே இல்லை என்று போடியார் சொன்னதாகச் சொன்னான்.

மறுநாள் கச்சி முகம்மது கோட்டில் முறைப்பாடு கொடுத்தார். கிராமக்கோடு சிறிய பிணக்குகளைத் தீர்க்கிற இடம். பிறக்கிராசிமார், அதாவது வக்கீல்கள், அங்கே வந்து பேச முடியாது. ஆட்களே தங்கள் கதையைச் சொல்ல வேண்டும். மழைக்கு முன் தீர வேண்டிய விஷயம் என்பதால் கோட்டுத் தலைவர் திங்கட்கிழமைக்கே எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை கச்சி முகம்மது சாட்சிப் பொருளோடு வந்து இறங்கினார். வரம்பில் குறி விழுந்த பகுதியை மண்வெட்டியால் இரண்டடி நீளத்துக்கு அப்படியே வெட்டி, பலகையில் வைத்து, மேலே ஈரச்சாக்குப் போட்டு, இரண்டு பேர் தூக்கிவந்தார்கள். மேசையில் வைத்ததும் பாதி மேசை சேறு. எந்தத் தலைப்பில் பதிவது என்று எனக்குத் தெரியவில்லை. "மண்கட்டி ஒன்று, நான்கு குறியுடன்" என்று எழுதி, அ என்று அடையாளமிட்டேன். அதை எங்கே பத்திரப்படுத்தப் போகிறீர் என்று தலைவர் கேட்டார். தண்ணீர் தெளிக்கச் சொல்கிறேன் ஐயா என்றேன்.

வழக்குக் கூப்பிடுமுன் முற்றத்து வேம்பின் கீழ் கச்சி முகம்மது கோணாமலையைத் தனியே கூப்பிட்டுப் பேசியது யன்னலோரம் இருந்த எனக்குக் கேட்டது.

"தோணிக்குள்ள போடியார் சொன்னத்த ஆர் கண்டது மச்சான்? நீயும் அவரும்தானே. அவர் சொன்னன் எண்டுவார். நீ வாயத் திறக்காம நில்லு. என்ட வயலும் பிழைக்கும், உன்ட தலையும் பிழைக்கும்."

கோணாமலை தோள்சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்.

அது சரியான யோசனைதான் என்று நானும் எண்ணினேன். போடியாரின் கட்டளைக்கு வேறு சாட்சி இல்லை. 'இல்லை' என்று கோணாமலை ஒரு சொல் சொன்னால் போதும். போடியார் எருமை கொடுத்தே ஆக வேண்டும், கோணாமலையின் மேலும் குற்றம் வராது. ஓம் என்று சொன்னால் கச்சி முகம்மதுவின் வயல் போய்விடும், கோணாமலையின் வேலையும் போய்விடும். அன்று கோட்டில் இருந்த எல்லோரும் கணக்கை இப்படித்தான் போட்டிருந்தார்கள், போடியார் உட்பட. கோணாமலை ஒத்துக்கொள்ள மாட்டான் என்றே எண்ணிவந்ததாகப் போடியார் பிறகு என்னிடம் சொன்னார்.

தலைவர் கேட்டார். கோணாமலை சொன்னார். நான் எழுதியதை அப்படியே தருகிறேன்.

"போடியார் எனக்குச் சொன்னது மெய். ஆற்று நடுவில் வைத்துச் சொன்னார். இருபதுக்கு மேல் பேசாதே என்றார். நான் ஓம் என்றேன். பிறகு நாற்பது பேசினேன். நிலம் தாழ்ந்தது, மழை வரப்போகிறது. போடியார் கண்டால் தானும் நாற்பதுதான் சொல்வார் என்று நினைத்தேன். அப்படி நினைக்க எனக்கு உரித்து இல்லை. காய்ச்சலால் போய்ச் சொல்ல முடியவில்லை. கச்சி முகம்மது காக்காவுக்கு அப்போது இந்தக் கட்டளை தெரியாது. நான் அவருக்குச் சொல்லவில்லை. பிழை என்னில்."

கச்சி முகம்மது தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு குனிந்துவிட்டார். போடியார் வாயைத் திறந்தபடி கோணாமலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வென்றவரின் முகம் அப்படி இருந்து நான் கண்டதில்லை. எனக்கு மை தொட்ட பேனை காய்ந்துபோனது. வேலையை இழப்பேன் என்று தெரிந்தும், தன்னை நம்பியவரின் வயலையும் சேர்த்து இழக்கிறேன் என்று எண்ணிக்கொண்டும், ஒரு மனிதன் ஆற்று நடுவில் யாரும் கேளாத ஒரு பேச்சைக் கொண்டுவந்து மேசையில் வைக்கிறான். பக்கத்தில் அந்த மண்கட்டி ஈரமாக இருந்தது.

தலைவர் நான் எழுதியதை வாங்கி ஒரு தடவை வாசித்தார். பிறகு போடியாரிடம், இரும்பைக் கோணாமலையிடம் கொடுத்தது யார் என்று கேட்டார். போடியார், நான்தான் என்றார். எத்தனை வருஷம் என்றார். பத்தொன்பது என்றார் போடியார். இருபதுக்கு மேல் குத்தாது என்று இரும்பில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். பின்வரிசை வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை.

"போடியார், ஆற்று நடுவில் நீங்கள் சொன்னது மீனுக்குக் கேட்டிருக்கும். கச்சி முகம்மதுவுக்குக் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் பத்தொன்பது வருஷமாக நீங்கள் இந்தக் கையில் விட்டுவைத்த இரும்புதான். அவரை நம்பவைத்தது நீங்கள். நீங்கள்தான் கட்டுப்பட வேண்டும்."

கோணாமலை கட்டளையை மீறியது மெய்தான், ஆனால் அது போடியாருக்கும் கோணாமலைக்கும் நடுவில் உள்ள வேறு பிணக்கு, அதைக் கொண்டுவந்து வெளியாளின் தலையில் சுமத்த முடியாது என்று தலைவர் விளக்கினார். கோணாமலை இல்லை என்று பொய் சொல்லியிருந்தாலும், ஓம் என்று மெய் சொன்னாலும், கச்சி முகம்மதுவுக்கு ஒரே தீர்ப்புத்தான். மெய் சொன்னதால் நட்டம் ஒரே ஒருவருக்குத்தான், சொன்னவருக்கு. கச்சி முகம்மதுவின் வயல் தப்பும் என்று அறியாமல்தான் அவர் சொன்னார்.

போடியார் நீதி தெரியாதவர் அல்ல. நாற்பதும் தருகிறேன் என்று அங்கேயே ஒத்துக்கொண்டார். பிறகு கோணாமலையின் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். கோணாமலை சீலைத் துண்டில் சுற்றி வைத்திருந்த இரும்பை எடுத்து மேசையில் வைத்தார். கச்சி முகம்மதுவின் மிதிப்பு முடியும்வரை நில், அதற்குப் பிறகு நீ பட்டிக்குள் வரத் தேவையில்லை என்றார் போடியார். கோணாமலை, ஓம் போடியார் என்றார்.

எல்லோரும் எழுந்தபோது கோணாமலை மட்டும் போகவில்லை.

"ஐயா, இரும்பு என்ட கையில இல்லையெண்டு தெரியாத ஆக்களுக்கு?" என்று தலைவரைக் கேட்டார்.

"அவர்களுக்குத் தெரியும்வரை உன் சொல்லு போடியாரின் சொல்லுத்தான்."

"அவர் நிப்பாட்டின பிறகுமா?"

"நிறுத்தினது அவர்கள் காதுக்கு எட்ட வேண்டும். அதைப் போடியார்தான் சொல்ல வேண்டும்."

வாசலில் நின்ற போடியார், எனக்கு அவங்கள ஆர் எவரெண்டே தெரியாதே என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

மிதிப்பு 17 முதல் 21 வரை நடந்தது. 22ஆம் திகதி விதைத்தார்கள். பெருமழை நவம்பர் ஐந்தில் விழுந்தபோது பயிர் தண்ணீருக்கு மேலே தலைகாட்டி நின்றது. நாற்பதில் இரண்டு எருமைக்குக் கால் வீங்கியது. இதையும் எழுதத்தான் வேண்டும். போடியார் பயந்தது வீண் பயம் அல்ல.

23ஆம் திகதி விடியக் கோணாமலை என் வீட்டு வாசலில் நின்றார். தன் சொல்லை நம்பி எருமை பேசியவர்களின் பெயர்களை எழுதித் தர வேண்டும் என்றார். வாசிக்கத் தெரியாத உமக்கு எதற்கு என்று கேட்டேன். எனக்கில்லை, நான் ஒருத்தரையும் விடல்ல எண்டு பிறகு நீங்க பாக்கிறதுக்கு என்றார். வாவியின் வடக்கு முனையில் தொடங்கி, கிழக்குக்கரை வழியே தெற்கே இறங்கி, மேற்குக்கரையால் மேலே வந்து, ஊர் ஊராக, வளவு வளவாக, நிற்காமல் சொன்னார். அறுபத்துமூன்று பெயர். வந்தாறுமூலையிலிருந்து களுவாஞ்சிக்குடி வரை. எந்த வருஷம் எத்தனை குத்து என்பதும் சேர்த்து. எட்டுப் பேரைப் பிறகு நான் தனியாக விசாரித்தேன். ஒன்றில்கூடப் பிழை இல்லை.

வேலையை விட்டு நிறுத்தியவருக்காக ஏன் இப்படி அலைய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கண்ணகை கேட்டிருக்கிறார்.

"உங்கள நிப்பாட்டின மனிசனுக்கு நீங்க ஏன் காவல் நிக்கிறீங்க?"

"நான் ஒரு இடத்தில வாய் தவறி ஓம் எண்டு சொன்னாலும் அவர்ட தலையில விழும் கண்ணகை. ஆக்கள் என்னப் பாத்தா இன்னும் அவரத்தான் காணுறாங்க. அவர என்னில இருந்து இறக்கி வைக்கோணும்."

சட்டம் படித்தவர்கள் பலரோடு நான் பழகியிருக்கிறேன். அன்று தலைவர் சொன்னதின் அடிவரை போய்ப் பார்த்தவர் அவர்களில் ஒருவரும் அல்ல, இந்த மனிதர்தான் என்பது என் எண்ணம்.

இருபத்துமூன்று நாள் போனார். பாதி நாள் மழை. தோணியில் தனியே வலித்துக்கொண்டு, துறைதுறையாக இறங்கி, ஒவ்வொருவரிடமும் ஒரே பேச்சைச் சொன்னார்: இனி நான் சொல்லுறது போடியார்ட சொல்லு இல்ல. என்னட்டக் குறி கேக்காதீங்க. காரணம் கேட்டவர்களிடம், நான் கட்டளை மீறினேன் என்று மட்டும் சொன்னார். சில வளவுகளில் சோறு கொடுத்தார்கள். சில வளவுகளில், போடியாரை ஏசினார்கள். ஏசிய இடங்களில் அவர் சோறு சாப்பிடவில்லை.

திரும்பிவந்து என்னிடம், அறுபத்துநாலு என்றார். என்னிடம் உள்ளது அறுபத்துமூன்று என்றேன். வல்லிபுரம் என்று ஒருவர், பத்து வருஷத்துக்கு முன் கதிரவெளியில் கலியாணம் முடித்துப் போய்விட்டவர், நடுவாவியில் நினைவுக்கு வந்தாராம். அங்கே அவருக்கு வயலே இல்லையே, கடல்தானே என்றேன். இருந்தாலும் போய்ச் சொல்லிட்டன் என்றார். போக ஐம்பது மைல் இருக்கும். நடந்தே போயிருக்கிறார். நான் மூன்றை வெட்டி நாலு என்று திருத்தி, திகதியிட்டேன்: நவம்பர் 15.

அன்றே அவர் தேற்றாத்தீவுக்குப் போனார். சொல்லி முடித்தாயிற்று என்று அறிவிக்க வேண்டுமாம். என்னையும் கடுதாசியோடு வரச் சொன்னார். போடியார் முன்மண்டபத்துக் கதிரையில் இருந்தார். நான் பெயர்களை வாசித்தேன். இருபதாவது பெயர் வரும்போது போடியார் கண்ணை மூடிக்கொண்டார். நித்திரை என்று நினைத்து நிறுத்தினேன். வாசியும் என்றார். முடிந்ததும், இதில் எனக்குத் தெரிந்தவர்கள் ஒன்பது பேர் என்றார். பத்தொன்பது வருஷம் இவ்வளவு பேர் என் குறியை நம்பி விதைத்திருக்கிறார்கள் என்று மெல்லச் சொன்னார். அது எங்களுக்குச் சொன்னது அல்ல.

உள்ளே போய் இரும்பை எடுத்துவந்து கோணாமலையின் முன் வைத்தார். கோணாமலை அதைத் தொடவில்லை.

"எடு. என்ன பாக்கிறாய்?"

"போடியார், நான் இல்ல எண்டு அறுபத்துநாலு பேருக்குச் சொல்லிட்டன். இப்ப நான்தான் எண்டு நானே போய்ச் சொன்னா ஆர் நம்புவான்? எந்தக் கள்ளனும் அப்பிடிச் சொல்லலாம். அது உங்கட வாயால வரோணும்."

நான் கடுதாசியை மடித்தேன். தலைவர் இருந்திருந்தால் எழுந்து நின்றிருப்பார். ஒருவனுக்கு அதிகாரம் உண்டு என்பதை அவனே சொல்லிக்கொள்ள முடியாது, கொடுத்தவர்தான் வெளியாருக்குக் காட்ட வேண்டும் என்பதை அந்தப் பெருவிரல் மனிதர் எந்தப் புத்தகத்தில் கண்டார்?

போடியாருக்கு அப்போது அறுபத்தொரு வயது; முழங்கால் வாதம். ஒரு கிழமை யோசித்தார். 1933 நவம்பர் 23, வியாழக்கிழமை தோணியேறினார். கோணாமலை வலித்தார். இந்தத் தடவை நானும் இருந்தேன், பெயர் வாசிக்க. முதலில் இறங்கியது காத்தான்குடி வாவிக்கரையில். அங்கே ஸைனம்பு என்ற விதவை, பாய் இழைக்கிறவர், அக்கரையில் மூன்று ஏக்கர் வயல் வைத்திருந்தவர். படலையில் நின்று போடியார் சொன்னார்: கோணாமலை சொல்வது மறுபடியும் என் சொல்.

ஸைனம்பு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவரை நன்றாகப் பார்த்தார்.

"இருபதா நாப்பதா? ஆத்துக்க போய்ச் சொல்லாம அதையும் இஞ்சயே சொல்லிட்டுப் போங்க போடியார்."

வேலிக்கு அப்பால் பெண்கள் சிரித்தார்கள். போடியாரின் காது சிவந்தது. கோணாமலை தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"முப்பது," என்றார் போடியார். "அதுக்கு மேல வேணுமெண்டா அவன் என்னட்டக் கேக்கோணும்."

"அப்ப சரி," என்றார் ஸைனம்பு.

அறுபத்துமூன்று வளவிலும் அதையே சொன்னார். டிசம்பர் பத்தொன்பதில் முடிந்தது. கதிரவெளிக்கு அவருடைய முழங்கால் விடவில்லை. வல்லிபுரத்தின் பெயருக்கு எதிரே நான் ஒன்றும் எழுதவில்லை.

எட்டு வருஷம் கழிந்தது. 1941 புரட்டாதியில் வல்லிபுரம் திரும்பவும் படுவான்கரைக்கு வந்தார். மனைவி இறந்துவிட்டார்; தாயின் காணியில் கொஞ்சம் விதைக்க எண்ணம். கோணாமலையிடம் பத்து எருமை கேட்டார். கோணாமலை அவருக்குச் சோறு கொடுத்தார், பாய் கொடுத்தார், குறி கொடுக்கவில்லை.

"எல்லாருக்கும் குத்துறாய், எனக்கு மட்டும் என்ன?"

"உனக்கு நான் இல்லையெண்டு சொன்னது நான். ஓம் எண்டு இன்னும் போடியார் சொல்லல்ல."

வல்லிபுரம் ஏசிக்கொண்டே தோணியேறித் தேற்றாத்தீவுக்குப் போனார். போடியார் அப்போது நடமாட்டம் குறைந்து கட்டிலோடு இருந்தார். யார் என்று கேட்டாராம். பெயரைச் சொன்னதும் எழுந்து உட்கார்ந்து, "கதிரவெளி வல்லிபுரமா?" என்று கேட்டாராம். அதற்கு முன் அவர்கள் ஒருவரையொருவர் கண்டதில்லை. போடியார் சொல்ல வேண்டியதைச் சொன்னார். வல்லிபுரம் மாலைக்குள் அக்கரை சேர்ந்தார். கோணாமலை இரும்பை எடுத்துக்கொண்டு அவரோடு வயலுக்கு நடந்து, வரம்பைத் தண்ணீர் விட்டு நனைத்து, ஒரு குத்துக் குத்தினார்.